மான் ஏன் தன் குட்டியைத் தனியே விட்டுப் போகிறது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி மேட்டில் ஏறும்போது, தெருவோரத்து மரத்தடியில் அவன் சட்டென்று நின்றுவிட்டான். புல்லுக்குள் ஒரு மான்குட்டி. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். கழுத்தை நிலத்தோடு நிலமாக நீட்டி, காதுகளைப் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டு கிடந்தது. காதின் விளிம்பில் ஒரு கட்டெறும்பு ஊர்ந்து போனது. அதற்குக்கூட அது காதை அசைக்கவில்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

"சித்தி, இதிட அம்மா இத விட்டுட்டுப் போயிட்டா. வீட்ட கொண்டு போவமா?" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

பக்கத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஐயா எழும்பி வந்தார். "தொட்டுடாதீங்க பிள்ள. தாய் அங்கதான் நிக்கிது" என்று கையை நீட்டினார். ஐம்பது அறுபது அடி தள்ளி ஒரு பெட்டை மான் மேய்வதும் தலையைத் தூக்கிப் பார்ப்பதுமாக நின்றது. நாங்கள் விலகிப் போய்க் கோயில் படிப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சனம் குறைந்து பொழுது பட்ட நேரம், தாய் கிட்ட வந்து மெல்லிய குரலில் ஒருமுறை கூப்பிட்டது. கல்லுப் போலக் கிடந்த குட்டி துள்ளி எழுந்து மடியில் முட்டிப் பால் குடித்தது. வால் நிற்காமல் ஆடியது.

அவனுக்கு அன்றைக்கு நான் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். விலங்குகள் பிள்ளை வளர்க்கும் முறைகள் பலவிதமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை ஒருமுறை பிடித்துக்கொண்டால், ஆமை முதல் மனிதர் வரை எல்லாவற்றையும் அதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

புள்ளிமான் தன் குட்டியை ஏறக்குறைய ஏழரை மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒன்றே ஒன்றைத்தான் ஈனும். பிறந்து முதல் ஒரு கிழமைக்கு அந்தக் குட்டியால் ஓடித் தப்ப முடியாது. தாய் எந்நேரமும் பக்கத்திலேயே நின்றால், நாயோ நரியோ தாயைக் கண்டே குட்டியையும் கண்டுபிடித்துவிடும். ஆகவே அது குட்டியை ஒளித்துவிட்டுத் தள்ளி நின்று மேய்கிறது. பால் சுரக்க வேண்டுமானால் மேயத்தானே வேண்டும். இப்படி ஒளித்து வளர்க்கும் இனங்கள் பலவற்றில், வாடை பிடித்து எதிரி வராதபடி, குட்டியின் மலத்தையும் சிறுநீரையும்கூடத் தாயே நக்கித் துடைத்துவிடும். அசையாமல் கிடப்பது குட்டியின் பங்கு. தள்ளி நிற்பது தாயின் பங்கு.

இதற்குப் பின்னால் உள்ள கருத்துக்கு உயிரியலில் 'பெற்றோர் முதலீடு' என்று பெயர். ரொபர்ட் ட்ரிவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1972இல் இதைத் தெளிவாக வரையறுத்தார். ஒரு பிள்ளை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காகப் பெற்றோர் கொடுக்கும் எதுவும், அதனால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும் வலு குறையுமானால், அது முதலீடு. முட்டைக்குள் வைக்கும் மஞ்சள் கரு, பால், காவல், கூடு கட்டச் செலவழித்த நாட்கள், பசி கிடந்த நாட்கள் எல்லாமே இதற்குள் அடங்கும். வீட்டில் ஒரு கொத்து அரிசிதான் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்கலாம், அல்லது பத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு பிடி கொடுக்கலாம். எந்த உயிரும் இந்த அரிசிக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மான் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த வழியில் வளர்ந்த குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தனவோ, அந்த வழி அவற்றின் பிள்ளைகளிலும் தொடர்ந்தது. அது தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வு.

இந்தக் கணக்கின் ஒரு முனையில் நிற்பது கடலாமை. பங்குனி ஆமை இரவில் மணலில் ஏறி, பின்கால்களால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மூடி, உடம்பால் மணலை அடித்து இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பாராது. ஒன்றரை, இரண்டு மாதம் மணலின் சூடுதான் அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான்: சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். வெளியே வரும் ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாக வளரும் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

தாயின் முகத்தைப் பார்த்தே ஆமைப் பார்ப்பு வளரும் என்று ஐங்குறுநூற்றில் ஓர் உவமை வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த உவமை அது. ஆனால் நிலாவெளிக் கடற்கரை மணலில் பொரிக்கும் குஞ்சு தாயின் முகத்தை ஒரு தடவைகூடக் காண்பதில்லை. அதற்காக ஆமையைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடாதீர்கள். தரையில் தன் உடம்பையே பெரும்பாடு பட்டு இழுக்கும் ஓர் உயிர், முட்டைக்குப் பக்கத்தில் நின்று எந்த நாயைத் துரத்தும்? தன்னிடம் உள்ளதையெல்லாம் முன்கூட்டியே முட்டைக்குள் வைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, நல்ல இடமாகப் பார்த்துப் புதைக்கிறது. குஞ்சு மணலைக் கிளறி மேலே வந்து கடலை நோக்கி ஓடும் மட்டும் அந்த மஞ்சள் கருவின் மிச்சம்தான் அதற்குச் சோறு. கடற்கரை விடுதிகளின் வெளிச்சத்தைக் கடலின் வெளிச்சம் என்று நம்பித் தெருப்பக்கம் ஊர்ந்து வரும் குஞ்சுகளுக்கு அந்தச் சோறும் போதாமல் போகிறது. முட்டை பொரிக்கும் காலத்தில் கரையோர விளக்குகளை அணைத்து வைப்பது நம்மால் செய்யக்கூடிய மிகச் சுலபமான காரியம்.

ஆமையையும் முதலையையும் ஒரே வகையில் சேர்க்கிறவர்கள் உண்டு, இரண்டுமே முட்டையிடும் ஊர்வன என்பதால். குளத்து முதலை அப்படியில்லை. குழியில் முட்டையிட்டுவிட்டு அருகிலேயே கிடக்கும். பொரிக்கும் நேரம் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்கும். தாய் மண்ணைக் கிளறி, அந்தப் பெரிய வாய்க்குள் குஞ்சுகளை மெல்ல அள்ளித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். எருமையின் எலும்பை நொறுக்கும் அதே பல்வரிசைதான்.

இனி, யார் பார்ப்பது என்ற கேள்வி. தாய்தான் பார்க்க வேண்டும் என்பது இயற்கையின் விதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் உள்ள புறாத்தீவுக்குப் போய்க் கண்ணாடி போட்டு நீந்தியவர்கள் கோமாளி மீனைக் கண்டிருப்பார்கள், கடற்சாமந்தியின் விரல்களுக்குள் ஒளிந்து விளையாடும் செம்மஞ்சள் மீன். அது முட்டையிட்ட பிறகு ஒரு கிழமை, பத்து நாள் காவல் இருப்பது பெரும்பாலும் தகப்பன். செட்டையால் விசிறி விசிறி முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் அனுப்பும்; கெட்டுப்போன முட்டைகளை வாயால் எடுத்து அகற்றும். மீன்களில் பிள்ளை பார்க்கும் இனங்களை எடுத்தால், தகப்பன் தனியே பார்ப்பதுதான் அதிகம். முட்டை உடம்புக்கு வெளியே, தகப்பன் காவல் காக்கும் இடத்திலேயே கருக்கட்டுகிறது. அங்கேயே நிற்கும் அவனுக்கு அதைப் பார்ப்பது பெரிய மேலதிகச் செலவில்லை. குளத்து விராலில் தாயும் தகப்பனும் சேர்ந்து நிற்கும். சிவந்த குஞ்சுகள் பந்து போலத் திரண்டு மேலே வருவதைக் கண்டால், கீழே இரண்டு பெரிய விரால் இருக்கிறது என்று தூண்டில்காரருக்குத் தெரியும். திலாப்பியாவில் தாய் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கிறது, அந்த நாட்களில் இரையை ஏறக்குறைய மறந்துவிட்டு.

புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான மாடப்புறாக்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாலூட்டுவது பாலூட்டிகள் மட்டும் என்று நாம் படித்திருக்கிறோம். புறாக்குஞ்சு பொரிக்கும் நாட்களில் தாய்ப்புறா, தகப்பன்புறா இரண்டின் உடம்பிலும் ஒரு மாற்றம் வருகிறது. தொண்டைக்குக் கீழே தானியம் சேர்த்து வைக்கும் பை இருக்கிறதே, அதன் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த அணுக்கள் தயிர்க்கட்டி போல உதிர்கின்றன. முதல் சில நாட்கள் குஞ்சுக்கு அது மட்டுமே உணவு. குஞ்சு தன் அலகைப் பெரிய புறாவின் வாய்க்குள் விட்டு அதைக் குடிக்கிறது. புறாப்பால் என்றே அதற்குப் பெயர். மாட்டுப்பால் போன்ற பால் அல்ல அது, பாற்சர்க்கரை கிடையாது. ஆனால் அதைச் சுரக்க வைக்கும் ஓமோனின் பெயர் புரோலக்ரின். குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் மார்பில் பால் சுரக்க வைப்பதும் அதே புரோலக்ரின்தான். தகப்பனும் பால் கொடுக்கும் உயிர் நம் கூரையிலேயே குறுகுறுத்துக்கொண்டிருக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் தாய், தகப்பன் இருவருமே பிள்ளை பார்ப்பதற்கு இதுதான் காரணம்: முட்டை வெளியே வந்துவிட்டது, அடைகாப்பதையும் இரை கொண்டு வருவதையும் யாரும் செய்யலாம். வறண்ட காட்டு இருவாய்ச்சியில் தாய் மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலையே அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். ஒரு சிறு துளைதான் மிச்சம். அதன் வழியே தகப்பன் பழமும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அந்த வீட்டில் தகப்பன் வராவிட்டால் தாயும் பிள்ளையும் பட்டினி. பாலூட்டிகளிலோ கரு தாயின் வயிற்றுக்குள், பால் தாயின் மடியில். அங்கே தகப்பன் கைகொடுக்கும் இனங்கள் பத்தில் ஒன்று என்ற அளவுதான். மனிதர் அந்தச் சிறிய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பிள்ளை அழும்போது மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கும் தகப்பன்மார் தெரிந்துகொண்டால் நல்லது.

பாலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலத்தின் கன்று பிறக்கும்போதே ஏழு மீற்றர் நீளம். அதன் தாய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. நாளொன்றுக்கு 90 கிலோ வரை நிறை கூடும். தாய் நெடுநேரம் விட்டுப் போகும் இனங்களில் பால் கொழுப்பாக இருக்கும், ஒரு தடவை குடித்தால் தாங்கும். மனிதத் தாய்ப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். தண்ணீர்ப் பதமான பால் அது, அடிக்கடி குடிக்க வேண்டிய பால். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்பது அதனால்தான். அக்காவின் இரண்டாவது பிள்ளை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அழுதபோது, வந்து போன ஒவ்வொருவரும் "பால் காணாது போல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்து அழுதாள். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைத் தராசில் போட்டு, பதிவேட்டில் கோடு மேலே போவதைக் காட்டி, "நிறை வடிவாக் கூடுது. ஒரு நாளைக்கு ஆறு தரமாவது சிறுநீர் போகுதா? அப்ப ஒரு குறையும் இல்ல" என்றார். உடம்போடு ஒட்டி, எந்நேரமும் தூக்கி வைத்திருந்து வளர்க்க வேண்டிய பிள்ளைக்கு ஏற்ற பால் அது. மான்குட்டி போலக் கிடத்திவிட்டுப் போவதற்கான பால் அல்ல.

ஆழ்கடலில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க முடியாதே, அங்கே என்ன செய்வது? திருகோணமலைக் கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. அதனால்தான் சதுரத் தலை கொண்ட எண்ணெய்த் திமிங்கிலங்களைக் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே காண முடிகிறது. அவை கணவாய் தேடி ஒரு கிலோமீற்றர் ஆழம் வரை போகும், முக்கால் மணித்தியாலம் வரை மூச்சடக்கும். கன்றால் அவ்வளவு ஆழம் போக முடியாது. மேலே தனியே விட்டால் சுறாவும் கொலைத் திமிங்கிலமும் இருக்கின்றன. இதற்கு அவை கண்ட வழியைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். பெண் திமிங்கிலங்கள் பத்து வரை ஒரு குடும்பமாக வாழ்கின்றன: தாய், மகள், பெரியம்மா, சித்தி, அம்மம்மா. கன்று இருக்கும் கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் முக்குளிப்பதில்லை. ஒருவர் இறங்க, இன்னொருவர் மேலே வந்துவிடுவார். கன்று ஒருவரின் பக்கத்திலிருந்து மற்றவரின் பக்கத்துக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் தலைகளை உள்ளே வைத்து வட்டமாக நிற்பார்கள், கன்று நடுவில்.

பெற்றோரும் பிள்ளையும் எப்போதும் ஒரே மனதாக இருப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பசுக்கன்று வளர்ந்து முட்டிக் குடிக்கும்போது பசு காலால் தட்டி விலகும். அடுத்த கன்றுக்கு உடம்பைத் தேற்ற வேண்டிய நேரம் தாய்க்கு. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் கன்றுக்கு. ட்ரிவர்ஸ் 1974இல் இதையும் எழுதினார். மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசிப் பால் மறக்கடித்த நம் தாய்மார் அதை அவருக்கு முன்பே அறிவார்கள். ஆகவே பால் மறக்கும் காலத்துப் பிள்ளையின் அடத்தைக் கெட்ட குணம் என்று யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை.

மனிதப் பிள்ளைக்கு வருவோம். பிறக்கும்போது நம் மூளை, வளர்ந்தவர் மூளையின் மூன்றில் ஒரு பங்கிலும் குறைவு. மான்குட்டி ஒரு கிழமையில் தாயோடு ஓடுகிறது. நம் பிள்ளை நடக்கவே ஒரு வருடம். தன் சோற்றைத் தானே தேட இன்னும் எத்தனையோ வருடம். போதாததற்கு, முதல் பிள்ளை தன் காலில் நிற்பதற்கு முன்பே இரண்டாவது பிள்ளை பிறந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய செலவைத் தனியொரு தாயால் ஒருபோதும் தாங்கியிருக்க முடியாது என்று மானுடவியலாளர் சாரா ஹெர்டி வாதிடுகிறார். பலர் கைகளில் வளர்வதற்கென்றே உருவானது மனிதப் பிள்ளை என்பது அவர் கருத்து. தான்சானியாவின் ஹட்சா மக்களோடு இருந்து ஆராய்ந்த கிறிஸ்ரின் ஹோக்ஸ், அங்கே பாட்டிமார் கிழங்கு தோண்டுவதைக் கவனித்தார். தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில், மூத்த பிள்ளைகளின் வளர்ச்சி பாட்டி தோண்டும் கிழங்கோடு சேர்ந்து போனது. பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பெண்கள் நெடுங்காலம் உயிரோடு இருப்பதற்கு இதுவே ஒரு காரணம் என்கிறார்கள்.

அது நமக்குப் புதிதில்லை. பிள்ளை பிறந்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும் மட்டும் அம்மம்மாதான் வீட்டை நடத்துவார். பால் சுரக்கட்டும் என்று பால்சுறா சமைப்பதும், மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக் கறி வைப்பதும் அவர்தான். பழைய நூல்சேலையை வளையில் கட்டி ஏணை போட்டு, பின்னேரம் முழுக்க ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மற்றக் கையால் கீரை ஆய்வார். மடிக்குள் இருப்பது போல எல்லாப் பக்கமும் அணைக்கும் அந்த ஏணைக்குள் பிள்ளை இரண்டு மணித்தியாலம் தூங்க, அந்த நேரத்தில் தாயும் தூங்குவாள். அக்காவுக்கு அப்படி அம்மா இருந்தார். இல்லாத வீடுகளில் பிள்ளை பெற்ற பெண் எப்படித் தாங்குகிறாள் என்று பக்கத்து வீட்டவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, ஒரு நேரம் பிள்ளையை வாங்கி வைத்திருந்தால் போதும்.

"அம்மா விட்டுட்டுப் போயிட்டா" என்று அந்த மான்குட்டியைப் பார்த்து அவன் சொன்ன சொல், மூதூர்ப் பக்கத்திலும் கிண்ணியாப் பக்கத்திலும் பெரியவர்கள் வாயில் அடிக்கடி கேட்கும் சொல். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள். மானின் பிரிவு சில மணித்தியாலம். இது இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் ஏக்கம் உண்மையான ஏக்கம். ஆனால் பாடசாலைச் சப்பாத்தும் கூரைத் தகடும் மருந்துச் செலவும் அந்தப் பெண்ணின் முதுகிலிருந்துதான் வருகின்றன. பெற்றோர் முதலீடு என்ற சொல்லுக்கு இதைவிடப் பாரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

மூதூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு உண்டு. நாலு வயதுப் பேத்திக்கு அம்மம்மா இரவுச் சோறு ஊட்டுவார். சீனி டின்னில் சாய்த்து வைத்த போனில் மகளின் முகம் இருக்கும். அங்கே அவளுக்கு வேலை முடியாத நேரம். பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்கும். பிள்ளை வாயைத் திறக்கும்போதெல்லாம், இந்தப் பக்கத்து அம்மம்மாவும் அந்தப் பக்கத்துத் தாயும் தங்களை அறியாமல் தாங்களும் வாயைத் திறப்பார்கள். கடைசி வாய் உள்ளே போன பிறகுதான் அவள் போனை வைப்பாள்.